மறைப்பும் வெளிப்பாடும்: உதுவன்கந்தைக் கதையை முன்வைத்து மர்மம் பற்றிய ஓர் ஆய்வு

1

மர்மம் என்னும் எண்ணக்கருவை நமது இலக்கிய ஆய்வாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. துப்பறியும் நாவல், பேய்க்கதை, வார இதழ்த் தொடர்கதை ஆகியவற்றுக்கு உரிய ஓர் உத்தியாக அதனை ஒதுக்கிவிடுவதே திறனாய்வு மரபிற் காணப்படும் பொதுநிலையாகும். வரலாற்றாசிரியரோ மர்மத்தைச் சான்றுக் குறைவின் மறுபெயராகக் கொள்வர். ஆவணம் கிடைத்ததும் மர்மம் நீங்கிவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. இவ்விரு நோக்குகளும் தம்முள் வேறுபட்டன போலத் தோன்றினும் ஒரு பொது அடிப்படையில் நிற்பனவே. ஒரு சமூகம் எதனை மர்மம் எனக் கொண்டாடுகிறது, எதனை அவ்வாறு கருதாது கடந்து செல்கிறது என்ற வினாவை இவ்விரண்டுமே எழுப்புவதில்லை. இக்கட்டுரையில் நாம் எழுப்ப விழைவது அவ்வினாவே.

'மர்மம்' என்ற சொல்லின் வரலாறே இவ்வகையில் நமக்கு ஒரு குறிப்பைத் தருகின்றது. வடமொழியில் அது தாக்கப்பட்டால் உயிர் போகக்கூடிய உடலிடத்தைக் குறித்தது. தமிழில் 'மருமம்' என்ற வடிவில் மார்பையும் உயிர்நிலையையும் குறித்து வழங்கிற்று. வர்மக் கலையின் பெயரிலும் இப்பொருளே எஞ்சி நிற்கிறது. காப்பாற்றப்பட வேண்டிய இடம் மறைக்கப்பட வேண்டிய இடமாயிற்று, மறைக்கப்பட்டதெல்லாம் மர்மமாயிற்று. எனவே மர்மத்தை ஆராய்வது என்பது ஒரு சமூகம் தனது உயிர்நிலையாக எதனைக் கருதி மூடி வைத்திருக்கிறது என்று ஆராய்வதேயாகும்.

பொதுப்படப் பேசுவதினும் ஒரு குறிப்பிட்ட களத்தை முன்வைத்து ஆராய்தல் பயனுடையது. இலங்கையின் சப்பிரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்திலே, கொழும்பு-கண்டி வீதியில் அமைந்துள்ள மாவனல்லையையும் அதனைச் சூழ்ந்த பிரதேசத்தையும் அக்களமாகக் கொள்கிறோம். இலங்கையிலே மிகப் பரவலாக வழங்கும் கள்வர் கதை இவ்வூரின் அருகே எழுந்தது. தமிழ்த் தொழிலாளரின் உழைப்பிலே தழைத்த பெருந்தோட்டங்களும் இம்மாகாணம் முழுவதும் பரந்து கிடக்கின்றன. முன்னது மர்மமாகிப் புகழ்பெற்றது. பின்னது மர்மமாகவும் இல்லை, முழுமையான வரலாறாகவும் இல்லை. இவ்வேறுபாடு தற்செயலானதன்று என்பதே நமது வாதம்.

2

மாவனல்லைக்கு அண்மையில் உதுவன்கந்தை என்னும் குன்று உள்ளது. 1832இல் பிறந்தவனாகக் கொள்ளப்படும் தீக்கிரிக்கேவகே சரதியேல் இக்குன்றைத் தனது மறைவிடமாகக் கொண்டு, கொழும்பு-கண்டி வீதியிற் சென்ற வண்டிகளையும் செல்வர் இல்லங்களையும் கொள்ளையிட்டான். அவனுடைய கூட்டாளிகளுள் முதன்மையானவன் மம்மாலி மரைக்கார் என்னும் முஸ்லிம் இளைஞன். 1864ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் தேதி மாவனல்லையில் இவ்விருவரும் தங்கியிருந்த வீடு முற்றுகையிடப்பட்டபோது, துவான் சபான் என்ற மலாய்ப் பொலிஸ்காரர் சுடப்பட்டு இறந்தார். சரதியேலும் மரைக்காரும் பிடிபட்டனர்; கண்டியில் விசாரிக்கப்பட்டு, அதே ஆண்டு மே 7ஆந் தேதி அங்கேயே தூக்கிலிடப்பட்டனர். கடமையின்போது கொல்லப்பட்ட முதலாவது இலங்கைப் பொலிஸ்காரராகச் சபான் கருதப்படுகின்றார். மார்ச் 21ஆந் தேதியைப் பொலிஸ் திணைக்களம் இன்றும் தனது வீரர் நினைவு நாளாகக் கொள்கின்றது.

இச்செய்திகளை நோக்கும்போது ஒன்று புலனாகும். சரதியேலின் கதையில் ஆவணக் குறைவு பெரிதாக இல்லை. குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு, தண்டனை ஆகிய யாவும் ஓர் அரசாங்கத்தினால் முறைப்படி மேற்கொள்ளப்பட்டன. கைதான நாளும் இறந்த நாளும் தெரியும். உடனிருந்தோர் பெயரும் எதிர்நின்றோர் பெயரும் தெரியும். அவ்வாறிருந்தும் அவனைச் சுற்றியே மர்மம் படர்ந்தது. செல்வரிடம் பறித்து ஏழைகளுக்கு வழங்கியவன், வேடம் மாற்றுவதில் வல்லவன், காவலரின் கண்முன்னே மறையக்கூடியவன், குகைகளிலே புதையல் வைத்தவன் என்றெல்லாம் கதைகள் வளர்ந்தன. 'இலங்கையின் ரொபின் ஹூட்' என்ற பட்டம் அவனுக்கு நிலைத்தது. அண்மைக் காலத்தில் மாவனல்லையில் அவன் பெயரால் அமைக்கப்பட்ட மாதிரிக் கிராமம் உல்லாசப் பயணிகள் பார்வையிடும் இடமாகியுள்ளது. ஆவணம் மிகுந்தால் மர்மம் குறையும் என்ற கொள்கை இவ்விடத்திலே பொய்த்துப் போகின்றது.

இத்தகைய கள்வர் கதைகளின் சமூக அடிப்படையை விளக்கியவர்களுள் எரிக் ஹொப்ஸ்போம் முதன்மையானவர். 1959லும் 1969லும் வெளிவந்த தமது நூல்களிலே 'சமூகக் கொள்ளையர்' என்ற கருத்தை அவர் முன்வைத்தார். விவசாயச் சமூகமொன்று முதலாளித்துவ உறவுகளுக்குள் இழுக்கப்படும் இடைக்காலத்திலே, அரசும் செல்வரும் குற்றவாளி எனக் கருதும் ஒருவனை மக்கள் தம்மவனாகக் கொள்வர் என்பதும், அவன் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பினாலேயே வீழ்வான் என மரபு சொல்லும் என்பதும் அவரது முடிபுகள். இதனை மறுத்து 1972இல் அன்ரன் புளொக் எழுதிய கட்டுரையும் மனங்கொள்ளத்தக்கது. கொள்ளையர் பலர் உள்ளூர்ச் செல்வாக்குடையோரின் துணையுடன் ஏழைகளையே அச்சுறுத்தினர் என்றும், ஏழைகளின் தோழன் என்ற படிமம் மக்களின் விருப்பத்தைக் காட்டுவதேயன்றிக் கொள்ளையனின் செயலைக் காட்டுவதன்று என்றும் அவர் வாதித்தார். சரதியேல் உண்மையில் எத்தகையவன் என்பதை இக்கதைகளைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது. ஆயின் கதைகள் எவ்விருப்பத்திலிருந்து எழுந்தன என்பதை அறிதல் கூடும்.

அவ்விருப்பத்தின் வேர் வீதியிலேயே உள்ளது. கொழும்பு-கண்டி வீதி 1820களிலே பிரித்தானிய இராணுவத்தின் தேவைக்காக அமைக்கப்பட்டது. அதனைத் திட்டமிட்ட பொறியியலாளர் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் உள்ளது. மாவனல்லையில் மகா ஓயாவின் மீது 1830களிற் கட்டப்பட்ட செங்கல் வளைவுப் பாலமும் அவ்வீதியின் எச்சமே. இராணுவத்திற்காக உண்டான வீதி விரைவிலே கோப்பியின் வீதியாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் கண்டிப் பிரதேசக் காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாகக் கொள்ள வழிவகுத்தது. அவை தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. மலையிலிருந்து கோப்பி மாட்டு வண்டிகளில் இறங்கிற்று. கொழும்பிலிருந்து அரிசியும் சாராயமும் பணமும் ஏறின. கிராமத்தானின் கண்முன்னே புதிய செல்வம் நாள்தோறும் வண்டியிலே சென்றது. அதில் அவனுக்குப் பங்கில்லை. அவ்வண்டியை மறித்தவன் அவனது கற்பனையிலே வீரனாக உயர்ந்தமை இயல்பே.

1867இல் புகையிரதப் பாதை கண்டியை அடைந்தது. அது மாவனல்லையைத் தொடாது ரம்புக்கனை வழியாகச் சென்றது. கோப்பி வண்டிகளின் காலம் முடிந்தது. அவற்றை மறிக்கும் கள்வனின் காலமும் அதனோடு முடிந்தது. 1866இல் பொலிஸ் சேவை ஜி. டபிள்யூ. ஆர். காம்பெல்லின் கீழ்ப் புதிதாக ஒழுங்கமைக்கப்பட்டமையும் இதே காலத்தது. கள்வனின் இறப்பு, பொலிசின் சீரமைப்பு, புகையிரதத்தின் வருகை ஆகிய மூன்றும் மூன்றாண்டுகளுக்குள் நிகழ்ந்தன. மூலதனத்தின் சுற்றோட்டப் பாதை காப்புறுதி பெற்ற பின்னரே கள்வன் அச்சந்தராத பழங்கதையாக முடிந்தது.

3

இவ்விடத்திலே இலக்கியத்தில் மர்மம் வகிக்கும் பாத்திரத்தைச் சற்று நோக்குதல் வேண்டும். மர்மக் கதையில் முக்கியமான வினா, மறைந்தது எது என்பது மாத்திரமன்று. அதனை வெளிப்படுத்தும் உரிமை எவருக்கு அளிக்கப்படுகிறது என்பதும் அதேயளவு முக்கியமானது.

தமிழ் மரபிலே மறைவுக்கு நெடிய வரலாறுண்டு. அகத்திணையிற் 'களவு' என்பது பிறர் அறியாக் காதலைக் குறிக்கின்றது. அதனை ஊர் அறியச் செய்வது 'அலர்'. மறைப்பும் வெளிப்பாடும் இங்கு ஊராரின் பேச்சினூடாகவே இயங்குகின்றன. சிலப்பதிகாரத்திலே இது அரசியற் பரிமாணம் பெறுகின்றது. அரசியின் சிலம்பு களவு போகின்றது. உண்மைக் கள்வனான பொற்கொல்லன் கோவலனைக் கள்வனாகக் காட்டுகிறான். அரசன் விசாரணையின்றிக் கொலைக்கு ஆணையிடுகிறான். உண்மை எவ்வாறு வெளிப்படுகின்றது? அரசின் அதிகாரி எவரும் அதனைக் கண்டுபிடிக்கவில்லை. கணவனை இழந்த பெண், தன் காற்சிலம்பின் பரல் மாணிக்கம் எனக் கூறி, அரசவையிலே அதனை உடைத்துக் காட்டுகிறாள். அரசியின் சிலம்பிலிருந்தது முத்து. பாதிக்கப்பட்டவளே சான்றைக் கொணர்கிறாள். குற்றவாளியாக நிற்பது அரசு. உலகின் பழைய 'வழக்குக் கதைகள்' பலவற்றுள்ளும் இவ்வமைப்பு தனித்துவம் வாய்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இவ்வமைப்புத் தலைகீழாயிற்று. 1842-43இல் பாரிஸ் நாளிதழொன்றிலே யூஜின் சூ எழுதிய 'பாரிஸ் மர்மங்கள்' தொடர்கதை பெரும் வரவேற்பைப் பெற்றது. நகரின் வறுமையும் குற்றமும் அதிலே மர்மங்களாகக் காட்டப்பட்டன. அவற்றைத் தீர்ப்பவன் மாறுவேடம் பூண்ட ஓர் இளவரசன். இந்நாவலையும் அதனைத் தத்துவ நோக்கிற் புகழ்ந்த ஜெர்மானிய விமரிசகர் ஒருவரையும் மார்க்ஸ் 1845இல் வெளிவந்த 'புனிதக் குடும்பம்' நூலிலே கடுமையாக விமரிசித்தார். வறுமை, சட்டம், உடைமை முதலிய கண்கூடான சமூக உறவுகளை மர்மம் என்ற கருத்துப்பொருளாக மாற்றிவிட்டால், அவற்றின் காரணம் கேட்கப்படாது போய்விடும் என்பதே அவ்விமரிசனத்தின் சாரம். பின்னர் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலே, பண்டம் என்பது மேலோட்டமாக எளியதாகத் தோன்றினும் மனிதரிடையேயான உழைப்பு உறவைப் பொருள்களிடையேயான உறவாகக் காட்டும் ஒரு மர்மப் பண்புடையது என அவர் நிறுவினார். முதலாளித்துவச் சமூகத்தின் உண்மையான மர்மம் இருண்ட சந்துகளில் இல்லை. பட்டப்பகலிற் சந்தையிலே விற்கப்படும் பொருளில் உள்ளது.

இதனை மனத்திற்கொண்டு ஆங்கிலத் துப்பறியும் நாவலை நோக்குதல் பயன்தரும். வில்க்கி கொலின்ஸ் 1868இல் எழுதிய 'சந்திரகாந்தக் கல்' நாவலில் ஒரு வைரம் களவு போகின்றது. அவ்வைரம் முன்னரே 1799இல், சீரங்கப்பட்டின முற்றுகையின்போது ஆங்கிலப் படையினன் ஒருவனாற் கொள்ளையிடப்பட்டது. கொலின்ஸ் அம்முதற் கொள்ளையை மறைக்கவில்லை. அதனை முன்னுரையாக வைக்கிறார். இறுதியில் வைரத்தை இந்தியாவுக்கே திருப்பியனுப்புகிறார். ஆயினும் ஆங்கில மாளிகையில் நிகழும் விசாரணை இரண்டாவது திருட்டைப் பற்றியதே. பேரரசின் கொள்ளை பின்னணியாகி, தனிமனிதனின் களவு புதிராகின்றது. குற்றக்கதையின் சமூக வரலாற்றை 1984இல் எழுதிய ஏர்னெஸ்ட் மண்டேல், நல்ல கள்வனைப் போற்றிய பழைய கதைமரபு, சொத்துடைமை உறுதிபெற்ற காலத்திலே துப்பறிவாளனைப் போற்றும் கதைமரபாக மாறியதை விளக்கியுள்ளார். உதுவன்கந்தையிலும் பொலிஸ் சீரமைப்பிலும் நாம் கண்ட காலமாற்றம் இதற்கு இணையானதே.

தமிழிலும் இம்மரபு காலனித்துவச் சூழலிலேயே வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் எழுதிய நாவல்கள் பெருந்தொகையான வாசகரைப் பெற்றன. மாறுவேடமும் மறைந்த உயிலும் இரகசியக் கொலையும் நிறைந்த அக்கதைகளிலே உண்மை பெரும்பாலும் துப்பறிவாளனாலும் நீதிமன்றத்தினாலும் நிலைநாட்டப்படுகின்றது. இலங்கையிலே இதற்கு முன்னரே, 1885இல், கண்டியிற் பிறந்த சித்திலெப்பை 'அசன்பேயுடைய சரித்திரம்' நாவலை வெளியிட்டார். தன் பிறப்பின் உண்மை மறைக்கப்பட்ட ஓர் இளைஞன் பல நாடுகளிலே அலைந்து தன்னை அறிந்துகொள்வதே அதன் கதை. மறைக்கப்பட்ட பிறப்பு உயர்குடிப் பிறப்பாகவே அமைகின்றமை கவனிக்கத்தக்கது. தோட்டத் தொழிலாளரின் பிறப்பு மறைந்திருப்பினும் அது அக்காலத்திலே கதைப்பொருளாகவில்லை. இது சித்திலெப்பையின் தனிப்பட்ட குறையன்று. அக்கால நாவலின் வர்க்க எல்லையாகும்.

4

இனி மீண்டும் வீதிக்கு வருவோம். வண்டியை மறித்தவன் மர்மமானான். வண்டியிலே சென்ற கோப்பி எவ்வாறு உண்டாயிற்று என்பது மர்மமாகவில்லை. அதனை உண்டாக்கியவர் தமிழ்நாட்டின் மாவட்டங்களிலிருந்து, பெரும்பாலும் கடல்கடந்து மன்னார்ப் பக்கமாக இறங்கி, வன்னிக் காடுகளூடாகக் கால்நடையாக மலைநாடு வந்த தொழிலாளர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலும் தோட்டங்களிலும் இறந்தோர் பலர். எத்தனை பேர்? 1841 முதல் 1848 வரை வந்தவர்களுள் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது காற்பங்கினர், மாண்டிருக்கலாம் எனக் கொழும்பு 'ஒப்சேவர்' பத்திரிகை 1849இல் கணித்தது. இத்தொகையை ஏற்றும் மறுத்தும் வரலாற்றாசிரியர் பின்னர் விவாதித்துள்ளனர்.

இவ்விவாதத்தின் முடிபு எதுவாயினும், விவாதம் நிகழ வேண்டியிருப்பதே நமக்கு முக்கியமானது. ஒரு கள்வனின் கைதுக்கு நாளும் இடமும் உண்டு. பல்லாயிரவரின் இறப்புக்கோ கூட்டல் கழித்தலால் பெறும் உத்தேசமே உண்டு. வந்தோர் தொகையிலிருந்து திரும்பியோர் தொகையைக் கழித்து, எஞ்சியோருள் எத்தனை பேர் இறந்தனர், எத்தனை பேர் தங்கினர் என ஊகிக்க வேண்டியுள்ளது. சரதியேலின் வழக்கிலே அரசு ஒவ்வோர் உயிரையும் பெயர் சொல்லிப் பதிந்தது. ஏனெனில் அங்கே ஆபத்துக்குள்ளானது சொத்து. தொழிலாளரின் இறப்பிலே சொத்து ஆபத்துக்குள்ளாகவில்லை. இறந்தவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களைக் கங்காணி கொணர்ந்தான்.

தோட்ட நிருவாகம் எதனையும் பதியாது விட்டது என்று இதனாற் கருதலாகாது. அது பதிந்தவற்றின் தன்மையே நோக்கத்தக்கது. 'துண்டு' என்ற கடன் சீட்டு தொழிலாளியின் கடனைத் துல்லியமாகப் பதிந்தது. அக்கடனைத் தீர்த்தாலன்றி ஒருவர் தோட்டம் மாற இயலாதிருந்தது. 1921இலேயே அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. 1901இல் நடைமுறைக்கு வந்த தகரச் சீட்டு முறை, வரும் ஆள் எத்தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் கழுத்திலே தொங்கும் தகரத்தில் எண்ணாகப் பதிந்தது. செக்ரோல் ஏடு நாள்தோறும் வேலையைப் பதிந்தது. தோட்டத் தமிழிலே ஒரு நாட் கூலிக்கு 'பேர்' என்றே வழக்கு. வேலைக்குப் போனால் 'பேர் விழும்'. குறித்த அளவுக்குக் கொழுந்தோ பாலோ குறைந்தால் 'அரைப்பேர்' தான். ஒரு மனிதனின் பெயர் உழைப்பின் அளவைக்கு ஆகிவந்துவிட்ட இவ்வழக்கு, எந்த ஆய்வு நூலினும் தெளிவாகத் தோட்ட உறவின் உண்மையைச் சொல்லிவிடுகின்றது. கூலி என்ற வடிவம் கூலி கொடுக்கப்படாத உழைப்பை மறைக்கின்றது என மார்க்ஸ் காட்டினார். தோட்டத்திலே கூலி மனிதனின் பெயரையே தனது போர்வையாகக் கொண்டது.

கோப்பி 1869இன் பின் இலைநோயால் அழிந்தது. தேயிலையும் இறப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் 1876இல் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகள், பிற்காலத்திற் கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களின் நிலத்தோற்றத்தையே மாற்றின. பதிவு முறையின் வர்க்கத் தன்மை மாத்திரம் மாறவில்லை. அதன் விளைவு 1948இல் வெளிப்பட்டது.

அவ்வாண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்த ஒருவர் தம் தந்தையும் இங்கு பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர் என்றோ நிறுவ வேண்டும் எனக் கேட்டது. பாட்டனின் கடனைப் பதிந்து பிறப்பைப் பதியாத ஓர் அமைப்பின் வழிவந்தோரிடம் இச்சான்று கேட்கப்பட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ 134,000 பேரே குடியுரிமை பெற்றனர். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டனர். நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடனேயே சட்டவடிவில் முடிவுற்றது. கதையிலே மறைந்திருக்கும் பிறப்பு வாசகனின் ஆவலைத் தூண்டும் உத்தி. தோட்டத்திலே மறைக்கப்பட்ட பிறப்பு நாட்டுரிமையைப் பறிக்கும் கருவி. ஒரே மறைப்பு ஒரு வர்க்கத்துக்குக் கதையின்பமாகவும் மற்றொரு வர்க்கத்துக்கு நாடின்மையாகவும் அமைந்தது.

5

மேற்கூறியவற்றால் மர்மம் எப்போதும் ஆளும் வர்க்கத்தின் கருவியே எனக் கொள்வது இயந்திரப் பாங்கான முடிபாகும். உழைக்கும் மக்களும் தமக்குரிய மர்மங்களைப் படைத்துள்ளனர். அவற்றின் தன்மை வேறானது.

மலையகத் தோட்டங்களிலே வழங்கும் வழிபாடுகளுள் ரோதைமுனி வழிபாடு குறிப்பிடத்தக்கது. 'ரோதை' என்பது சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேய மூலச் சொல். தோட்ட வழக்கில் அது தொழிற்சாலையின் சுழலும் இயந்திரம். அவ்வியந்திரத்தின் காவல் தெய்வமே ரோதைமுனி. இவ்வாறே தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் காலத்திற் கவ்வாத்துச்சாமி வழிபடப்படுகின்றது. தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் எல்லையையும் நீர்நிலையையும் காத்த முனியும் மாடனும், கடல்கடந்து வந்தபின் இயந்திரத்தையும் கத்தியையும் காக்கும் தெய்வங்களாயினர். இதனை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்குவோர் இதிலுள்ள அறிவைக் காணத் தவறுகின்றனர். கையையும் விரலையும் கேட்கும் ஒரு சக்தி தொழிற்சாலையிலே உண்டு என்பதையும், அச்சக்தி தன் கட்டுப்பாட்டில் இல்லை என்பதையும் தொழிலாளி அறிந்திருந்தான். அவ்வறிவுக்கு அவனிடமிருந்த மொழி சமய மொழி. செக்ரோல் பதியாத ஆபத்தை முனியின் பெயர் பதிந்து வைத்தது.

எனவே மர்மத்தை இரு வகையாகப் பிரித்து நோக்கலாம். உறவை மறைக்கும் மர்மம் ஒன்று. மறைக்கப்பட்ட உறவைச் சுட்டி நிற்கும் மர்மம் மற்றொன்று. முன்னது காரணத்தைக் கேட்கவிடாது. பின்னது காரணத்தை அறியாவிடினும், அறியப்பட வேண்டிய இடம் இதுவே எனக் காட்டும். நாட்டார் கதைப்பாடல்களை ஆராய்ந்த நா. வானமாமலை, காத்தவராயன், மதுரைவீரன் முதலியோரின் கொலைகளிலே சாதி முரண்பாட்டின் சுவட்டைக் கண்டார். தெய்வமாக்கல் அவர் நோக்கிலே வரலாற்றின் அழிவு மாத்திரமன்று. வரலாறு எஞ்சி நிற்கும் ஒரு வடிவமுமாகும்.

சரதியேல் கதையிலும் இவ்விரு வகைகளும் கலந்துள்ளன. செல்வர் சொத்துக்கு எதிரான கிராமத்தானின் கோபம் அதிலே எஞ்சியுள்ளது. அதே வேளையில் பிற்கால இனவாதச் சூழல் அவனைத் தனியொரு இனத்தின் வீரனாகச் சுருக்கும் வாய்ப்பையும் அளித்தது. அக்கதையிலே உடன்நின்று தூக்கிலேறியவன் ஒரு முஸ்லிம். கொல்லப்பட்டவர் ஒரு மலாயர். கொள்ளையிடப்பட்ட செல்வத்தின் அடியிலே தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு. ஆயினும் மரைக்கார் 'நண்பன்' என்ற அளவிலே ஓரங்கட்டப்பட்டான். தொழிலாளர் கதைக்குள் வரவேயில்லை. 2001 மே மாதத்தில் மாவனல்லை முஸ்லிம்களுக்கெதிரான வன்முறை நிகழ்ந்ததையும், 1977லும் 1981லும் சப்பிரகமுவத் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டுப் பலர் வன்னிக்குப் பெயர்ந்ததையும் இத்துடன் இணைத்து நோக்கினால், ஒரு கதையிலிருந்து எவர் நீக்கப்படுகின்றனர் என்பது இலக்கிய ஆர்வலரின் வினா மாத்திரமன்று என்பது தெளிவாகும். கதையிலே இடமில்லாதார்க்கு ஊரிலும் இடமில்லை எனச் சொல்வது எளிதாகிவிடுகின்றது.

மலையக எழுத்தாளர் இக்குறையை உணர்ந்தே செயற்பட்டுள்ளனர். சி. வி. வேலுப்பிள்ளை நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) தன் தலைப்பிலேயே, தொலைவிற் குளிர்ச்சியாகத் தோன்றுவது அண்மையில் எவ்வாறிருக்கும் என்ற வினாவை எழுப்பிற்று. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974) தோட்ட வாழ்வின் அன்றாட உறவுகளை உள்ளிருந்து விரித்தது. பசுமையும் பனியும் சூழ்ந்த மலைநாட்டின் 'மர்ம அழகை' வியக்கும் எழுத்துக்கும் இவற்றுக்குமுள்ள வேறுபாடு நடைபற்றியது மாத்திரமன்று. முன்னது நிலக்காட்சியைக் காட்டி உழைப்பை மறைக்கின்றது. பின்னவை உழைப்பைக் காட்டுவதனூடாக நிலக்காட்சியை விளக்குகின்றன.

6

தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவதாக, மர்மம் என்பது அறியாமையின் அளவு அன்று; அறிவு சமூகத்திலே பங்கிடப்படும் முறையின் விளைவாகும். இரண்டாவதாக, ஆவணம் நிறைந்த இடத்தில் மர்மம் வளர்வதும், ஆவணம் இல்லாத இடத்தில் மர்மம்கூட வளராதிருப்பதும் வர்க்க உறவுகளாலேயே விளக்கப்படக்கூடியவை. மூன்றாவதாக, மக்களின் மர்மங்களை உடைத்தெறிவதினும் அவை சுட்டும் இடத்தைத் தோண்டிப் பார்ப்பதே ஆய்வாளர் கடன்.

சிலப்பதிகாரத்தின் அமைப்பு இங்கு மீண்டும் நினைவுகூரத்தக்கது. அங்கே சான்று பாதிக்கப்பட்டவளின் கையிலேயே இருந்தது. அதனை அரசவைக்குக் கொணரும் வழி மாத்திரமே தேவைப்பட்டது. சப்பிரகமுவத் தோட்டங்களிலும் சான்று முற்றாக அழிந்துவிடவில்லை. பழைய செக்ரோல் ஏடுகள், தோட்டக் கோயில்களின் வரவு செலவுக் குறிப்புகள், இறந்த வீட்டு ஒப்பாரிகள், முனி கோயில்களின் தோற்றக் கதைகள், குடியுரிமை விண்ணப்பத்துக்கென ஒருகாலத்திற் சேர்த்து வைக்கப்பட்ட கடதாசிகள் ஆகியன வீடுகளிலும் அலுவலகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. 1972லும் 1975லும் நிகழ்ந்த காணிச் சீர்திருத்தத்தின்போதும், 1992இல் தொடங்கிய தனியார்மயத்தின்போதும் தோட்டங்கள் கைமாறின. கைமாற்றத்துக்குப் பின் பழைய ஏடுகளைப் பேணும் பொறுப்பு எவருடையது என்பது கேட்கப்படாத வினாவாகவே இருந்து வருகின்றது.

நமது பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் இவற்றைத் திரட்டிப் பேணும் பணியை இலக்கிய ஆய்வின் புறம்பான வேலையாகக் கருதலாகாது. ஒரு தோட்டத்தின் செக்ரோலும் அத்தோட்டத்து ஒப்பாரியும் ஒரே மேசையில் வைத்து வாசிக்கப்படும் நாளிலேயே, அரைப்பேராகப் பதியப்பட்டவர்களின் முழுப்பெயரை நாம் அறியத் தொடங்குவோம்.